ஆமாஞ்சாமி ஒட்டவிட்ட ஸ்டிக்கர்

முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவுடன் மனிதர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வருமோ தெரியாது. கழுத்தில் துணியைக் கட்டித் தலையைக் குனிய வைத்தால் போதும், அரசாங்கம் சரியில்லை என்பார் ஒருவர். அவர் எழுந்துபோன சூடு ஆறுவதற்குள் அதே நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து, இந்த மாதிரி நல்ல அரசாங்கம் இதுவரை வந்ததே இல்லை என்பார். இருவருக்கும் கடைக்காரர் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஆமாங்க." மருமகளைக் குறை சொன்ன மாமனாருக்கும், அந்த அப்பாவைக் குறை சொன்ன மகனுக்கும், ஒரே வாரத்தில் ஒரே குரலில் "ஆமாங்க" சொன்ன மனிதர் அவர். தெருவில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் விழுந்ததில் என்ன ஆச்சரியம்? சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் பக்கத்துக் கடைக்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. தொழில் அப்படி. மறுத்துப் பேசினால் ஆளுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் தலையைத் திருப்புவார், திருப்பினால் கத்தி கீறும். மீசை முளைக்கும் முன்பே கத்தரி பிடித்தவருக்கு "ஆமாங்க" என்பது பேச்சே இல்லை; கத்தரியின் சத்தத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு சத்தம், அவ்வளவுதான். மாத்திரை கம்பெனியில் அட்டைப்பெட்டி அடுக்கும் அவருடைய மனைவிக்குத்தான் அது எரிச்சல். "எல்லா ஆமாவையும் கடையிலயே செலவு பண்ணிட்டு வந்துடறீங்க. வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்கறதில்ல" என்பாள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

கடையில் ஒரே நாற்காலி. முன்சுவர் முழுக்கக் கண்ணாடி, பின்சுவரில் இன்னொரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. அறை வாடகைக்கு எடுத்தது. அறையின் சொந்தக்காரர் அதை விற்றுவிட முடிவு செய்து, "முதல்ல உன்கிட்டதான் கேக்கறேன். முடியலைன்னா சொல்லிடு, செல்போன் கடைக்காரர் ரெடியா இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கணவனும் மனைவியும் பல வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் அறை அவர்களுடையது.

இந்தச் சமயத்தில்தான், எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒருவன் தாடியைச் சரிசெய்துகொள்ள வந்தான். கிரிப்டோ என்றான், காயின் என்றான், வங்கியில் போட்ட பணம் தூங்கும், இதில் போட்ட பணம் ஓடும் என்றான். ஆமாங்க. கண்ணாடி ஓரத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். ஆமாங்க. யார் பெயரிலாவது பதிய வேண்டுமே, உங்கள் பெயரிலேயே பதிந்துவிடட்டுமா என்று கேட்டு, கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டான். அதற்கும் ஆமாங்க. கட்டம் கட்டமாகப் போட்ட கியூஆர் கோடு ஸ்டிக்கர் ஒன்று, நாற்காலியில் உட்காருகிறவரின் கண்ணுக்கு நேராக ஒட்டிக்கொண்டது. போன் கேமராவைக் காட்டினால் காயின் ஆப் திறக்கும். யார் சேர்ந்தாலும் ஆமாஞ்சாமியின் கீழ் சேர்வார்கள். கோட்டுக்காரன் அதன்பிறகு தாடியைச் சரிசெய்துகொள்ள வரவே இல்லை.

சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? தன் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பான்? இரண்டு நிமிஷத்தில் பார்வை ஸ்டிக்கருக்குப் போகும்.

"இது என்னப்பா புதுசா?"

"காயினுங்க."

"நல்லா வருதா?"

"ஆமாங்க."

இத்தனைக்கும் அதில் ஒரு காசுகூட அவர் போட்டிருக்கவில்லை. ஆனால் கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? சம்பாதித்தவன் வாயால் வந்த வார்த்தை என்று நினைத்தார்கள். ஓய்வுபெற்ற குமாஸ்தா போட்டார். மருந்துக்கடைக்காரர் போட்டார். அடுத்த முறை முடிவெட்ட வந்தபோது போனை நீட்டி, "பாரு, எப்படி ஏறியிருக்கு பாரு" என்று காட்டினார்கள். இவர் பார்த்தார். தெருவில் படித்தவர், விவரம் தெரிந்தவர், கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர் எல்லாரும் போட்டிருக்கிறார்களே, அப்போது இது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆமாஞ்சாமிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவர்கள் இவரை நம்பிப் போட்டார்கள், இவர் அவர்களை நம்பிப் போட்டார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

அவசரப்படவில்லை என்றும் சொல்ல வேண்டும். முதலில் கொஞ்சம் போட்டு, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தார். லாபத்தோடு வந்தது. எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்தார். மீன் பிடிக்கிறவன் முதலில் புழுவைச் சும்மா தின்னக் கொடுப்பான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மனைவிக்குச் சொல்லாமல், அறை வாங்கச் சேர்த்ததை முழுவதும் அதில் போட்டார். திரையில் அது ஏறிக்கொண்டே போனது. அறையை வாங்கி, இன்னொரு நாற்காலியும் போட்டு, பிறகு ஒருநாள் சாவியை அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

அறையின் சொந்தக்காரர் முன்பணம் கேட்ட அன்று, ஆள் வராத மதிய நேரத்தில், நாற்காலியில் தானே உட்கார்ந்து பணத்தை எடுக்கப் பார்த்தார். பெரிய தொகை என்பதால் முதலில் வரி கட்ட வேண்டும் என்றது திரை. கட்டினார். பிறகு, இவர்தான் இவரா என்று சரிபார்க்க ஒரு கட்டணம் என்றது. அதையும் கடன் வாங்கிக் கட்டினார். தாமதக் கட்டணம் என்று மூன்றாவதாக ஒன்று வந்தபோதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. ஆப்பில் 'உதவியாளர்' என்று ஒன்று இருந்தது. எதைக் கேட்டாலும் "உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது ஐயா" என்று எழுதும்.

கடையைச் சாத்திவிட்டு வங்கிக்குப் போனார். கவுண்ட்டரில் இருந்த பெண் அவருடைய போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"உங்க பணம் அவங்ககிட்ட நிறைய இருக்குன்னு காட்டுதில்ல? அப்புறம் கட்டணத்தை அதுலயே கழிச்சுக்கலாமே? ஏன் புதுசா கட்டச் சொல்றாங்க?"

அவள் போனைத் திருப்பி அவர் பக்கம் காட்டினாள்.

"ஏன்னா அங்க ஒண்ணும் இல்லங்க. இது வெறும் நம்பர். எடுக்கறதுக்கு முன்னாடி பணம் கேக்கற இடத்துல எடுக்கறதுக்குப் பணம் இருக்காது. நீங்க அனுப்பினது காயினா மாறி எவன் கைக்கோ போயிடுச்சு. செக்கா இருந்தா நிறுத்தலாம். இதை எங்களால திருப்பிக் கூப்பிட முடியாது. சைபர் போலீஸ்ல உடனே எழுதிக் கொடுங்க. வேற யாரும் போட்டிருக்காங்களா?"

"ஆமாங்க" என்றார் ஆமாஞ்சாமி.

"அவங்ககிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க."

அதற்கும் ஆமாங்க என்றார். போலீசுக்குப் போகவில்லை. போனால், யார் சொல்லிச் சேர்ந்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இருந்தது. உன்னைக் கேட்டு யார் யார் சேர்ந்தார்கள் என்று அடுத்தபடி கேட்பார்கள். அந்தப் பதிலைச் சொல்லத்தான் அவருக்குத் துணிவில்லை. தெருவே அவர் பெயருக்குக் கீழ் வரிசையாக நின்றது.

அன்றிலிருந்து அவர் கடையே அவருக்கு ஜெயில். வேறு தொழிலாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இங்கே முன்னாலும் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி. எந்தப் பக்கம் பார்த்தாலும் சிரித்த முகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் கத்தரியோடு தானும் நிற்பார். "உன்னாலதான்யா" என்று குமாஸ்தா தோளில் தட்டினார். மருந்துக்கடைக்காரர் முடிவெட்டியதற்கு மேலே கொஞ்சம் கொடுத்து, வைத்துக்கொள் என்றார். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று ஒருநாள் பிளேடை எடுத்தார். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களே? பிளேடைப் பழையபடி வைத்துவிட்டார்.

இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று ஒரு போன்கூட வந்தது. எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ! அதற்கும் முதலில் ஒரு கட்டணம். இந்த முறை அவர் ஏமாறவில்லை. புத்தி வந்ததால் என்று நினைக்க வேண்டாம், கையில் சல்லிக்காசு இல்லாததால்.

தச்சர் விஷயம்தான் மன்னிக்க முடியாதது. அடுத்த தெருவில் பட்டறை வைத்திருந்தவர், ஆமாஞ்சாமியைவிட மூத்தவர், இவரைத் தம்பி என்று கூப்பிடுகிறவர். வங்கிக்குப் போய்வந்த மறுவாரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டிக்கரைப் பார்த்து, "ஏன் தம்பி, எல்லாரும் சொல்றாங்க. நம்பிப் போடலாந்தானே?" என்று கேட்டார். கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. "ஆமாண்ணே" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்னது காதில் விழுந்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது. உடனே, இல்லைண்ணே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தச்சர் கடைப்படி இறங்கும்வரை நேரம் இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் தச்சரே வாசலில் நின்று, "அவ சங்கிலியை வித்துப் போட்டுட்டேன் தம்பி" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதோடும் முடியவில்லை. ஆமாஞ்சாமியுடைய தங்கையின் கணவர் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். இத்தனை வருஷ உழைப்புக்குச் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். இனி வேலை கிடைக்கும் வயதில்லை, அந்தத் தொகைதான் அவர்களுக்குக் கடைசிவரை சாப்பாடு. மாப்பிள்ளை அதை எங்கே போடலாம் என்று விசாரித்ததில் ஊரெல்லாம் ஒரே பதில்: உங்கள் மச்சான் கடையில் போய்க் கேளுங்கள்.

உதவியாளருக்கு அதுவும் மூக்கில் வியர்த்ததோ என்னவோ, அந்த வாரமே ஒரு செய்தி வந்தது. உங்கள் கீழ் பெரிய தொகையோடு இன்னும் ஒருவர் சேர்ந்தால், எல்லாக் கட்டணமும் தள்ளுபடி, உங்கள் பணம் முழுவதும் அன்றே விடுவிக்கப்படும். ஆமாஞ்சாமி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். வங்கிப் பெண் சொன்னது மறந்துபோகவில்லை. ஆனாலும் மனம் கணக்குப் போட்டது: மாப்பிள்ளை போடட்டும், நம்முடையது வந்துவிடும், அதிலிருந்து தச்சருக்குக் கொடுத்துவிடலாம், பிறகு மாப்பிள்ளையுடையதை எப்படியாவது எடுத்துவிடலாம். குழியில் கிடப்பவனுக்கு அடுத்தவன் தோளில் ஏறி வெளியே வரலாம் என்றுதான் தோன்றும். அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கேட்கும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னால் போதும்.

ஒரு காலை நேரத்தில் மாப்பிள்ளை வந்தார். தச்சரும் தன் முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஷேவிங் பண்ணி விடுங்க. அப்படியே அந்த விஷயத்தையும் முடிச்சுடலாம்" என்று மாப்பிள்ளை உட்கார்ந்தார். "எல்லாம் ரெடி பண்ணிட்டேன். அமுக்கறதுதான் பாக்கி. உங்க தங்கச்சி என்ன சொன்னா தெரியுமா? எங்கண்ணன் ஆமான்னு சொன்னா போடுங்க, இல்லைன்னா வேணாம்னுட்டா."

தச்சர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "இல்லைன்னு சொல்ல இவருக்குத் தெரியுமா மாப்ளே? பொறந்ததுலேர்ந்து சொன்னதில்ல."

ஆமாஞ்சாமி துணியைக் கட்டினார். மாப்பிள்ளையின் கை போனோடு துணிக்குள் போனது. தண்ணீர் தெளித்து, பிரஷ்ஷால் நுரை ஏற்றினார். வழக்கத்தைவிட அதிக நேரம் ஏற்றினார். கன்னம் இரண்டும் வெள்ளை மலையாக எழுந்துவிட்டன. புது பிளேடு போட்டார். ஒரு கன்னம் முடிந்தது.

"சொல்லுங்க மச்சான், போட்டுடவா?"

வழக்கமான "ஆமா" நாக்குவரை வந்துவிட்டது. அதை விழுங்குவதற்காகவே அவர் மாப்பிள்ளையின் நெற்றியைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்து, கத்தியைக் கழுத்தில் வைத்தார். "கத்தி கழுத்துல இருக்கு மாப்ளே. ஆடாதீங்க, பேசாதீங்க."

எந்த முரடனும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்வான். இத்தனை வருஷத்தில் அந்தக் கொஞ்ச நேர அமைதியில் ஆமாஞ்சாமியும் பேசியதில்லை. அன்று பேசினார்.

"போடாதீங்க. அதுல பணம் இல்ல. வெறும் நம்பர். நான் எடுக்கப் பாத்தேன், வரல. வரி கட்டச் சொன்னான், கட்டினேன். இன்னொண்ணு கட்டச் சொன்னான், கட்டினேன். என்னோடது எல்லாம் போச்சு. இந்த ரூம் வாங்க வெச்சிருந்தது, என் பொண்டாட்டியோட சம்பளம், எல்லாம். வீட்டுல இன்னும் சொல்லல. உங்களைச் சேத்துவிட்டா என் பணத்தைத் தரேன்னு எழுதியிருக்கான். அதுக்குத்தான் இவ்வளவு நேரம் வாயை மூடிட்டு இருந்தேன். அசையாதீங்க மாப்ளே."

மாப்பிள்ளையின் தொண்டைக்குழி பிளேடுக்கு அடியில் ஒருமுறை ஏறி இறங்கியது. கண்கள் மேலே நிலைகுத்தி இருந்தன. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் ஆமாஞ்சாமிக்கு அழுகை வந்தது. கத்தியை எடுத்ததும் மாப்பிள்ளை நிமிர்ந்து, துணிக்குள்ளிருந்து போனை வெளியே எடுத்தார். கட்டைவிரல் திரையைத் தொடாமல் விலகியே இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அந்த ஆப்பை அழித்தார்.

"மச்சான்" என்றார். "இந்தக் கன்னம் பாக்கி இருக்கு."

பெஞ்சில் பேப்பர் மடிக்கப்படும் சத்தம் கேட்டது. தச்சர் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியில் மூன்று முகங்கள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு தம்பி. இது உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல வழி இருந்தது. நேற்றுத்தான் தெரியும் என்றால் முடிந்தது. தச்சருக்கும் அது ஆறுதல்.

"நீங்க போடறதுக்கு முந்தின வாரமே தெரியும்ணே."

தச்சர் அடிப்பார் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தச்சர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"உன் தங்கச்சி புருஷன்னதும் வாய் வந்துது."

"அண்ணே..."

"போலீசுக்குப் போவோம். குமாஸ்தாவையும் கூட்டிட்டுப் போவோம், எல்லாரையும் கூட்டிட்டுப் போவோம். அதெல்லாம் அப்புறம்." தச்சர் அவருடைய கையிலிருந்து கத்தியை மெதுவாக வாங்கி மேடைமேல் வைத்தார். "முதல்ல நீ என் வீட்டுக்கு வா. அவகிட்ட நீ சொல்லு. என்னால முடியாது."

ஆமாஞ்சாமி கையைத் துடைத்துக்கொண்டார். பாதி முகத்தில் நுரையோடு மாப்பிள்ளை நாற்காலியிலேயே இருந்தார். தெருவில் தச்சர் முன்னால் நடந்தார், இவர் பின்னால் நடந்தார். மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்தே சலாம் வைத்தார். இவருக்குத் தலை நிமிரவில்லை. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே ஓடுவது? இந்த வீட்டில் சொல்லிவிட்டுச் சாயங்காலம் தன் வீட்டிலும் சொல்ல வேண்டும். இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மனைவி கேட்பாள் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

தச்சர் தன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். கதவு திறந்தது. தச்சரின் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, வாங்க தம்பி! உங்களைத்தான் காலைலகூட நெனச்சேன். உள்ள வாங்க, ஏன் வாசல்லயே நிக்கறீங்க? இவரு எதுல கைவெச்சாலும் நஷ்டந்தான். ஜென்மத்துல முதல்முறையா உங்க பேச்சைக் கேட்டு உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்காரு" என்று சொல்லி, அவர் உட்கார்வதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.